அத்தியாயம் 7: தீவு நாடுகளின் தங்க நாணயங்கள்

பசிபிக் கடலில் நியுவே என்று ஒரு தீவு இருக்கிறது. பரப்பு 260 சதுர கிலோமீட்டர். அங்கே வசிப்பவர்கள் 2,000 பேர்கூட இல்லை. கடைத்தெருவில் புழங்குவது நியூசிலாந்துப் பணம். ஆனால் நாணயச் சேகரிப்பாளர்களின் சந்தையில் நியுவேயின் பெயர் பெரிய நாடுகளின் பெயரோடு போட்டி போடுகிறது. டிஸ்னி பாத்திரங்களும் ஸ்டார் வார்ஸ் வீரர்களும் அந்தத் தீவின் பெயரைத் தாங்கிய தங்கத்திலும் வெள்ளியிலும் ஆண்டுதோறும் வருகிறார்கள். துவாலு, குக் தீவுகள், பலாவு ஆகிய நாடுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இந்த நாணயங்கள் போலியல்ல. அந்தந்த நாட்டு அரசின் அனுமதியோடு, சட்டப்படி பணம் என்ற தகுதியோடு வருபவை. ஆனால் அவை அந்தத் தீவில் புழங்குவதற்காக அடிக்கப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஒரு நாணயச்சாலை தீவின் அரசோடு ஒப்பந்தம் செய்து, உரிமைத்தொகை கொடுத்து, நாணயத்தை அடித்து, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறது. மீன்பிடி உரிமம், அஞ்சல்தலை, '.டிவி' என்ற இணைய முகவரிப் பெயர் ஆகியவற்றை விற்றுக் காசு பார்க்கும் துவாலுவுக்கு நாணயத்தில் பெயரைத் தருவதும் ஒரு வருமான வழி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிற நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்தை வளர்ந்த வழி

தொங்கா 1962-இல் வெளியிட்ட கோலா நாணயங்களிலிருந்து தொடங்கலாம். அரசி சலோத்தே தூபூவின் உருவம் பொறித்த இவை பாலினீசியாவின் முதல் தங்க நாணயங்கள். கால், அரை, ஒரு கோலா என மூன்று அளவு. ஒரு கோலாவின் எடை 32.5 கிராம், தரம் 22 கேரட். மறு ஆண்டு இந்த வெளியீட்டைக் கொண்டாட, தங்கத் தாளில் வட்ட வடிவில் அஞ்சல்தலைகளையே அச்சிட்டது தொங்கா. சேகரிப்பாளர்களிடம் எதற்கு மவுசு என்று அந்தச் சிறு அரசு அன்றே கணித்துவிட்டது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1930-களிலிருந்து அங்கே தனி மனிதர்கள் தங்கம் வைத்திருக்க இருந்த தடை 1974 டிசம்பர் 31-இல் நீங்கியது. புதிய வாங்குவோர் கூட்டம் உருவானது. பென்சில்வேனியாவில் இருந்த பிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் கரீபியத் தீவுகளுக்கும் குக் தீவுகளுக்கும் நாணயம் அடித்து, அஞ்சல் வழியாக வீடுவீடாக விற்றது. தீவின் பெயரில் நாணயம் என்பது முழுநேரத் தொழிலானது அப்போதுதான்.

ஒரு நாணயம், மூன்று மதிப்பு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு தங்க நாணயத்திலும் மூன்று மதிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

முதலாவது முகமதிப்பு, அதாவது நாணயத்தில் பொறித்திருக்கும் டாலர் எண். இதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பிரிட்டனின் கில்பர்ட், எல்லிஸ் தீவுகள் என்ற ஒரே குடியேற்றம் இரண்டாகப் பிரிந்து துவாலு என்றும் கிரிபட்டி என்றும் ஆனது. துவாலு 1976-இல் ஒரு தங்க நாணயம் வெளியிட்டது. கிரிபட்டி விடுதலை பெற்ற 1979-இல் ஒன்று வெளியிட்டது. இரண்டும் 15.98 கிராம், இரண்டும் 22 கேரட். நம் கணக்கில் சரியாக இரண்டு பவுன் காசு. முகமதிப்போ துவாலுவினுடையதில் 50 டாலர், கிரிபட்டியினுடையதில் 150 டாலர். இன்றும் அதே நிலைதான். நியுவேயின் பெயரில் வரும் ஒரு அவுன்ஸ் டிஸ்னி தங்க நாணயத்தில் 250 டாலர் என்று இருக்கும். அதே நியுவேயின் பெயரில் செக் நாணயச்சாலை அடிக்கும் ஒரு அவுன்ஸ் 'செக் சிங்கம்' நாணயத்தில் 50 டாலர் என்று இருக்கும். தங்கம் ஒன்றே, எண் மட்டும் வேறு. இந்த எண் நாணயத்துக்குச் சட்டத் தகுதி தருகிறது, விலை சொல்வதில்லை.

இரண்டாவது உலோக மதிப்பு. உருக்கினால் கிடைக்கும் சுத்தத் தங்கத்தின் அன்றைய விலை இது. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பது இதுதான்.

மூன்றாவது பிரீமியம். உலோக மதிப்புக்கு மேல் நாம் கொடுக்கும் தொகை. அடித்த செலவு, தீவுக்குப் போகும் உரிமைத்தொகை, கார்ட்டூன் நிறுவனத்துக்குப் போகும் உரிமைத்தொகை, பெட்டி, சான்றிதழ், விளம்பரம், விற்பவரின் லாபம் எல்லாம் இதில் அடங்கும். நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கி, விற்கும்போது அவை போன இடம் தெரியாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: நல்ல நாணயமாக இருந்தால் பிரீமியம் கூடவும் செய்யும். எது நல்ல நாணயம் என்று அறிவதற்குத்தான் மீதி அத்தியாயம்.

கணக்குப் போடும் முறை

எடையைத் தரத்தால் பெருக்கினால் சுத்தத் தங்கம். அதை 24 கேரட்டின் அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு. தரம் நாணயத்திலோ சான்றிதழிலோ ஆயிரத்துக்கு இத்தனை என்று இருக்கும்:

- 999.9 அல்லது 999: 24 கேரட்
- 917 அல்லது 916: 22 கேரட்
- 900: 21.6 கேரட்
- 585: 14 கேரட்
- 500: 12 கேரட்

'தங்க நாணயம்' என்ற சொல்லுக்குள் இவை அத்தனையும் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம். பார்படோஸ் 1975-இல் வெளியிட்ட 100 டாலர் நாணயம் 6.21 கிராம், தரம் 500. பாதிதான் தங்கம், சரியாகச் சொன்னால் 3.1 கிராம். கையில் எடுத்தால் முக்கால் பவுனுக்கு மேல் கனக்கும். உருக்கினால் அரைப் பவுன்கூடத் தேறாது. இதற்கு மாறாக, உலக வனவிலங்கு நிதியத்தின் பாதுகாப்பு வரிசையில் மொரீஷியஸ் 1975-இல் வெளியிட்ட 1,000 ரூபாய் நாணயம் 33.437 கிராம், தரம் 900. சுத்தத் தங்கம் 30.1 கிராம். ஈப்பிடிப்பான் பறவை அதில் இருக்கிறது.

இப்போது பிரீமியத்தைப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலாவு, தன் ஒரு டாலர் நாணயங்கள் சிலவற்றை 11 மில்லிமீட்டர் விட்டத்தில், அரை கிராம் சுத்தத் தங்கத்தில் வெளியிட்டிருக்கிறது. அப்படி ஒரு நாணயத்தின் உலோக மதிப்பு 5,000 ரூபாய். விற்பவர் 11,000 கேட்டால் பிரீமியம் 6,000, அதாவது 120 சதவீதம். இன்னொருவர் ஒரு அவுன்ஸ் நாணயத்தை, அதாவது 31.1 கிராமை, 3,35,000-க்குத் தருகிறார். உலோக மதிப்பு 3,11,000; பிரீமியம் 8 சதவீதத்துக்கும் கீழே.

முதல் நாணயத்தில் போட்ட பணம் தங்கமாகத் திரும்ப வேண்டுமானால் கிராம் விலை 22,000 ஆக வேண்டும். 'சின்னக் காசுதானே, கைக்கு அடக்கமான விலை' என்று விளம்பரம் சொல்லும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை கிராம் நாணயத்தை அழகுக்காகவும் பரிசுக்காகவும் வாங்கலாம். தங்கச் சேமிப்பு என்று வாங்கினால் அது தவறான முடிவு.

தங்கமா, தங்க முலாமா?

'24 கேரட் தங்கத்தில் மெருகேற்றியது', 'தங்கப் பூச்சு', 'தங்க அடுக்கு' போன்ற சொற்கள் கண்ணில் பட்டால் உலோக மதிப்பை மறந்துவிடுங்கள். குக் தீவுகள், நியுவே போன்ற நாடுகளின் பெயரில் முலாம் பூசிய செம்பு, வெள்ளி நாணயங்களும் வருகின்றன. அவையும் சட்டப்படி நாணயங்களே. ஆனால் செம்பின் மேலுள்ள பூச்சில் உருக்கி எடுக்கும்படி எதுவும் இருக்காது.

முகமதிப்பும் நாட்டின் பெயரும் இல்லாமல் வருவது பெரும்பாலும் நாணயம் அல்ல, பதக்கம். அட்டைப்படமும் பெட்டியும் ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாறுவது எளிது. விற்பனைச் சீட்டில் உலோகம், எடை, தரம் மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

யார் அடித்தது?

தீவின் பெயரைவிட நாணயச்சாலையின் பெயர் முக்கியம். நாளை சந்தையில் நாணயத்துக்கு மதிப்புக் கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

துவாலுவின் பல நாணயங்களை அடிப்பது பெர்த் மின்ட். 1899-இல் தொடங்கியது, மேற்கு ஆஸ்திரேலிய அரசுக்குச் சொந்தம். ஜேம்ஸ் பாண்ட், மார்வெல் நாணயங்கள் இங்கிருந்து துவாலுவின் பெயரில் வந்தவை. பெர்த்தின் நாணயங்களில் பெரும்பாலும் 'பி' என்ற ஆங்கில எழுத்துக் குறி இருக்கும்.

நியுவேயின் டிஸ்னி, ஸ்டார் வார்ஸ் நாணயங்கள் ஆக்லாந்தில் உள்ள நியூசிலாந்து மின்டிலிருந்து வருகின்றன. பெயரைப் பார்த்து அரசு நிறுவனம் என்று எண்ண வேண்டாம், அது தனியார் நிறுவனம். குக் தீவுகளுக்கும் பலாவுக்கும் புதுப்புது வடிவங்களைத் தருவது லிக்டன்ஸ்டைன் நாட்டின் சிஐடி நிறுவனம். இவர்களின் ஆழப் புடைப்பு வேலைக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு.

தனியார் நாணயச்சாலை என்பதால் மட்டும் தரம் குறையாது. ஆனால் தனியார் நிறுவனம் மூடப்படலாம். மான் தீவின் 'ஏஞ்சல்' தங்க நாணயத்தால் பெயர் பெற்ற பிரிட்டனின் பாப்ஜாய் மின்ட் 2023-இல் தொழிலை நிறுத்தியது. அதன் நாணயங்கள் இன்றும் விற்பனையாகின்றன. எனினும் விட்டுப்போன சான்றிதழுக்கோ சந்தேகத்துக்கோ கடிதம் எழுதிக் கேட்க அங்கே இனி யாரும் இல்லை. பெட்டியையும் சான்றிதழையும் பத்திரப்படுத்த இதுவே போதுமான காரணம்.

எண்ணிக்கையும் தரச்சான்றும்

'உலகெங்கும் 999 மட்டுமே' என்ற வரி எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதைப் படித்ததும் மூன்று கேள்விகள் எழ வேண்டும். அது உச்ச வரம்பா, உண்மையில் அடித்த எண்ணிக்கையா? அதே படத்தில் வெள்ளி, வண்ணம் பூசியது, அரை கிராம், ஐந்து அவுன்ஸ் என்று வேறு எத்தனை வடிவங்கள் உண்டு? இந்த வரிசையில் அடுத்த ஆண்டு இன்னும் எத்தனை வரும்? 999 நாணயங்களை வாங்க 500 பேர்கூட இல்லையென்றால் அது அரிய நாணயம் ஆகாது. அரிது என்பதை முடிவு செய்வது தேடுகிறவர்களின் எண்ணிக்கை.

பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தை ஆராய்ந்து, 70 வரையிலான மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். பழைய நாணயத்துக்கு இது பேருதவி. ஆனால் நேற்று அடித்த ப்ரூஃப் நாணயம் (சேகரிப்பாளர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு அடிப்பது) 70 வாங்குவது பெரிய சாதனையல்ல. நவீனக் கருவிகளில் அடித்தவற்றில் ஏராளமானவை 69, 70 வாங்கும். 70-க்கும் 69-க்கும் இடையில் விற்பவர் கேட்கும் விலை வித்தியாசம் பெரிது. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அநேகமாக இல்லை. புதிய நாணயத்தில் ஸ்லாபின் உண்மையான பயன் அது அசல் என்ற உறுதிதான். உறையின் எண்ணை அந்த நிறுவனங்களின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போலி உறைகளும் உலவுகின்றன.

அசலா என்று பார்ப்பது

எடை, விட்டம், தடிமன் மூன்றையும் அட்டவணைகளோடு ஒப்பிடுங்கள். கிரவுஸ் அட்டவணையின் கேஎம் எண்ணை வைத்துத் தேடினால் பெரும்பாலான தீவு நாணயங்களின் விவரம் கிடைக்கும். எடை சரியாக இருந்து தடிமன் கூடினால் உள்ளே இருப்பது தங்கமல்ல.

அடுத்து, நீரில் நிறுப்பது. சிறு கிண்ணத்தில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை நூலில் கட்டி அடி தொடாமல் மூழ்கவிடுங்கள். தராசு காட்டுவது நாணயம் விலக்கிய நீரின் எடை. 31.1 கிராம் சுத்தத் தங்கம் 1.6 கிராம் காட்டும். அதே எடையுள்ள செம்பு ஏறக்குறைய 3.5 கிராம் காட்டும். அரை கிராம் காசுக்கு இந்தச் சோதனை உதவாது. வித்தியாசம் தராசில் தெரியாத அளவு சிறியது. ப்ரூஃப் நாணயத்தையும் இதற்கு உட்படுத்தாதீர்கள், நீர்க்கறையே அதன் விலையைக் குறைத்துவிடும்.

டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி தங்கத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் நீர்ச் சோதனையை ஏமாற்றும். நகைக்கடையில் உள்ள கேரட் மீட்டர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த தங்கப் பூச்சுக்கு உள்ளே இருப்பதைக் காட்டாது. ஆகவே விலை உயர்ந்த நாணயத்துக்கு ஒரு சோதனையோடு நிற்காமல், மின்கடத்துதிறன் கருவி வைத்திருக்கும் நாணய வணிகரிடம் காட்டுங்கள். உரைகல்லில் மட்டும் உரைக்க விடாதீர்கள். ஒரே இழுப்பில் சேகரிப்பு நாணயம் வெறும் தங்கக்கட்டி விலைக்கு இறங்கிவிடும்.

வரியும் சுங்கமும்

இந்தியாவில் தங்க நாணயத்துக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்தால், பயணிகளுக்கான பொது வரிவிலக்கில் தங்க நாணயம் சேராது. அதை அறிவித்துச் சுங்கம் கட்ட வேண்டும். நகைக்குள்ள சலுகை நாணயத்துக்கு இல்லை. சுங்க விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அஞ்சலில் வரவழைக்கும் எண்ணமிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே சுங்கத் துறையின் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் முதலீட்டுத் தங்கத்துக்கு 2012 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட தரத்தில் உள்ள, அரசின் பட்டியலில் இடம்பெற்ற நாணயங்களுக்கு மட்டுமே. சேகரிப்பு நாணயங்களுக்கும் அது தானாகப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வைத்திருப்பதும் விற்பதும்

நாணயத்தை அதன் கேப்சூலிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். எடுக்க நேர்ந்தால் பருத்திக் கையுறையோடு விளிம்பைப் பிடியுங்கள். நகையைக் கழுவுவதுபோல் பூந்திக்கொட்டை, புளி, பல்பொடி எதையும் போடாதீர்கள்; பாலிஷ் செய்யவும் கொடுக்காதீர்கள். சுத்தத் தங்கத்திலும் சில சமயம் செந்நிறப் புள்ளிகள் வரும். அடிக்கும்போது ஒட்டிய வேறு உலோகத் துகள்களே அதற்குக் காரணம். தேய்த்தால் புள்ளியைவிடப் பெரிய கீறல்தான் மிஞ்சும். பிவிசி உறைகளைத் தவிருங்கள். கடற்கரை ஊர்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

விற்பதற்கு மூன்று வழி. நாணய ஏலத்திலும் சேகரிப்பாளரிடமும் பிரீமியம் கிடைக்க வாய்ப்பு உண்டு. காத்திருக்க வேண்டும், கமிஷனும் போகும். நாணய வணிகர் உடனே தருவார், குறைத்துத் தருவார். நகைக்கடையில் உருக்கு விலை. பிஐஎஸ் ஹால்மார்க் இல்லாத வெளிநாட்டு நாணயத்துக்கு அதிலும் கழிவு பார்ப்பார்கள். நகைக்கடனுக்கு வங்கிகள் எல்லா நாணயங்களையும் ஏற்பதில்லை. தீவு நாணயத்தை அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

எதை வாங்கலாம்?

தங்கம் சேர்ப்பது நோக்கமென்றால், தீவின் பெயரில் வருபவற்றிலும் முதலீட்டு நாணயங்களைப் பாருங்கள். 'செக் சிங்கம்' அப்படிப்பட்டது. ஒரு அவுன்ஸ் அளவு, எளிய பெட்டி, குறைந்த பிரீமியம். சேகரிப்பது நோக்கமென்றால், தீவு தன் கதையையே சொல்லும் நாணயங்களைத் தேடுங்கள்: தொங்காவின் கோலா, துவாலுவின் 1976, கிரிபட்டியின் 1979, மொரீஷியஸின் ஈப்பிடிப்பான், 1988-இல் அதே நாடு டோடோ பறவையைப் போட்டு, தன் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலத்தின் உருவத்தோடு வெளியிட்ட வரிசை. அந்த நாட்டின் வரலாற்றில் இவற்றுக்கு இடம் இருப்பதால் தேடுகிறவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை வருவார்கள். பழைய வெளியீடுகள் பல நேரம் புதிய கார்ட்டூன் நாணயங்களைவிடக் குறைந்த பிரீமியத்தில் கிடைப்பதும் உண்டு.

இரண்டு நோக்கத்துக்கும் நடுவில் நிற்கும் நாணயங்களில்தான் கவனம் வேண்டும். 'முதலீடும் ஆகும், பொக்கிஷமும் ஆகும்' என்று விற்கப்படுபவை இரண்டுக்குமான விலையை வாங்கிக்கொள்ளும். திரும்பத் தருவது ஒன்றை மட்டும்.

பணம் கொடுக்கும் முன்

1. எடை, தரம், சுத்தத் தங்கம் எத்தனை கிராம்?
2. இன்றைய உலோக மதிப்பு எவ்வளவு, பிரீமியம் எத்தனை சதவீதம்?
3. அடித்தது எந்த நாணயச்சாலை, அது இன்றும் இயங்குகிறதா?
4. அடித்த எண்ணிக்கை உறுதியானதா, வரம்பு மட்டுமா?
5. இதே நாணயம் அண்மையில் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது? விற்பவர் சொல்லும் விலை அல்ல, உண்மையில் விற்ற விலை.
6. பெட்டி, சான்றிதழ், ரசீது மூன்றும் உண்டா?
7. இதை நாளை காலை இதே கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன தருவீர்கள்?

ஏழாவது கேள்வியை விற்பவரிடமே நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் தொகைக்கும் உங்களிடம் கேட்ட தொகைக்கும் உள்ள இடைவெளிதான் அந்த நாணயத்துக்கு நீங்கள் உண்மையில் செலவழிக்கும் பணம். அவ்வளவு கொடுக்கத் தகுந்த ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.